தொப்பிக்காரரின் பதினெட்டுப் படங்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேரன், உன் அம்மா நாலு பேரும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் ஒரு குறையும் இல்லை என்று வழக்கம்போல் அடுத்த வரியை எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு தாளை எடுத்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் கட்டைவிரலால் இவ்வளவு நீளத்துக்குத் தட்ட என்னால் ஆகாது, அதனால்தான் கடிதம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைப் பிரிக்காதே. லீவு நாளில் பேரன் தூங்கிய பிறகு ஒரு இடத்தில் உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய கவர் போன வாரம் வந்து சேர்ந்தது. அம்மா அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு மனுப் போடும் படிவம், நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நீ பென்சிலால் போட்டிருந்த சின்னப் பெருக்கல் குறி, கூடவே நீ எழுதியிருந்த நாலு வரி, எல்லாம் பார்த்தேன். "போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறீங்க, எடுத்தா ரெண்டு வார்த்தையில வெச்சிடுறீங்க, வீடியோல வரச் சொன்னா கேமரா ரிப்பேர்னு சொல்றீங்க, அப்படி என்னப்பா எங்க மேல கோபம்?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே அம்மா சொன்னதாக ஒரு வரி. "அவருக்கு அந்தத் தொப்பிக்காரன் இருந்தா போதும், நான் எங்க இருந்தா அவருக்கென்ன." அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கோபமெல்லாம் ஒன்றுமில்லை கண்ணு. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே ஒரு முடிவுக்கு வா.

முதலில் தொப்பிக்காரர் கதை. நான் லிஃப்ட் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்த புதிதில், உனக்கு முந்தி, உன் அம்மாவுக்கும் முந்தி, ஒரு தியேட்டர் கட்டடத்து லிஃப்ட் என் பொறுப்பில் இருந்தது. வாரத்தில் மூன்று நாளாவது அதற்கு ஏதாவது ஒரு நோவு வந்துவிடும். மேலே மோட்டார் ரூமுக்குப் போகும் ஏணி, படம் ஓட்டுகிற அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆபரேட்டர் தங்கமான மனுஷன், கையில் கிரீஸோடு நின்று அந்தச் சின்னச் சதுரக் கண்ணாடி வழியாக நான் திரையைப் பார்த்தால் கண்டுகொள்ள மாட்டார். அப்போது அங்கே பழைய ஹாலிவுட் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் போட்டார்கள், அதிலும் பாதிக்கு மேல் ஒரே நடிகர். மழைக்கோட்டு, நெற்றியை மறைக்கிற தொப்பி, உலகத்தில் எல்லாரும் தன்னிடம் பொய்தான் சொல்லப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கிற ஒரு முகம். பெயர் வாயில் நுழையாததால் நாங்கள் தொப்பிக்காரர் என்றே சொல்லிக்கொண்டோம். யுத்தப் படத்தில் கேப்டனாக வந்தாலும் தலையில் ஏதோ ஒரு தொப்பி இருக்கும், அதனால் பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் நான் பார்த்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான். ஒரு படத்தில் கொலையைப் பார்த்தேன், யார் கொன்றது என்று தெரிவதற்குள் நாலாவது மாடியில் எவரோ மாட்டிக்கொண்டு மணி அடித்துவிட்டார்கள். இன்னொன்றில் கப்பல் மூழ்குவதைப் பார்த்தேன், அது எங்கே கிளம்பிய கப்பல், எதற்காகக் கிளம்பியது, ஒன்றும் தெரியாது.

உன் பிரசவத்துக்காக அம்மா அங்கே வந்து மூன்று மாதம் ஆகியிருந்த சமயம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கடை வரிசையில் கைக்கடிகாரத்துக்குப் பட்டை மாற்றப் போயிருந்தேன். பக்கத்தில் டிவிடி கடை. அந்தக் கடைக்குள் இப்போது யார் போகிறார்கள், கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் சொந்த விரல் நகத்தை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு அட்டைப்பெட்டியில் கலைத்துப் போட்டிருந்த டிவிடிகளுக்கு நடுவில் அந்த முகம் என்னைப் பார்த்தது. கையில் எடுத்தேன். கடைக்காரர் அதைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். இவர் படம் கேட்டு ஒரு ஆள் வருவார் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் மாதிரி, ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தார், டிவிடியாக வெளிவந்து தனக்குத் தெரிந்தவரை யுத்தப் படம் பதினொன்று, துப்பறியும் படம் ஏழு. காதல் படங்களையும் எழுதட்டுமா என்று சைகையில் கேட்டார், வேண்டாம், எனக்கு இது போதும் என்றேன். நீ காலேஜுக்குப் போனபோது அலமாரி மேலே போட்டுவிட்டுப் போன பிளேயரை இறக்கித் துடைத்து மாட்டினேன். ஓடியது.

முதல் படத்தைப் போட்டபோது ரிமோட்டில் எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன், கீழே எழுத்து ஓட ஆரம்பித்தது. ஆங்கிலம்தான், ஆனால் முப்பது வருஷம் மெஷின் புத்தகங்களைப் படித்துப் படித்து எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வரும். பேச்சு மட்டும் இல்லை கண்ணு, சத்தத்தையும் எழுதுகிறார்கள். கதவு மூடுகிறது. யாரோ மாடிப்படி ஏறுகிறார்கள். தூரத்தில் கப்பல் ஊதுகிறது. மழை ஜன்னலில் அடிக்கிறது. இந்தக் கடைசி வரியைப் படித்தபோது நான் திரும்பி நம் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். அன்றைக்கு வெளியேயும் நல்ல மழை, கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மழைக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆமாம், எனக்குக் காது கேட்பதில்லை. இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். மோட்டார் ரூமில் நின்ற காலமெல்லாம் சேர்ந்து வட்டியும் முதலுமாக எடுத்துக்கொண்டுவிட்டது. இடது காது ரிட்டயர் ஆவதற்கு முன்பே போய்விட்டது. வலது காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. அம்மா வீட்டில் இருந்தவரை எனக்கே அது சரியாகத் தெரியவில்லை என்றால் நம்புவாயா. அவள் எப்போதும் என் வலது பக்கம் வந்து நின்றுதான் பேசுவாள். வாசலில் யார் வந்தார்கள் என்று அவள் சொல்வாள். குழாயை மூடவில்லை என்று அவள் சொல்வாள். போன் வந்தால் அவள் எடுத்து, இன்னார் பேசுகிறார், இன்ன விஷயம் என்று சொல்லிவிட்டுத்தான் என் கையில் கொடுப்பாள், நான் ஆமாம், சரி என்று சொன்னால் போதும். எல்லா வேலையையும் அவள் செய்துவிட்டு என்னைக் கேட்கிறவனாக வைத்திருந்தாள். அவள் விமானம் ஏறிய மறுவாரமே எனக்குப் புரிந்துவிட்டது. சினிமாவில் போன் மணி அடித்தால் கீழே எழுதுகிறார்கள், நம் வீட்டில் அடித்தால் எழுதிக் காட்ட யார் இருக்கிறார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொல்லியிருந்தால் உன் அம்மா அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள், உனக்குத் தெரியும். அப்போது பேரன் எட்டு மாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். உனக்குத் தையல் ஆறவில்லை. மாப்பிள்ளைக்குப் புது வேலை. அந்த நேரத்தில் என் காதைப் பற்றி யார் பேசுவது. கொஞ்ச நாள் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன், அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்துவைத்திருந்தேன். போனில் எதிராளி கேள்வி கேட்க இடம் கொடுக்காமல் நானே பேசிவிடுவது, மூச்சு வாங்குகிற இடத்தில் சரி, ஆமாம், தாராளமா, பார்த்துக்கலாம், இந்த நாலில் ஒன்றை மாற்றி மாற்றிப் போடுவது. வீடியோவில் உங்கள் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பார்த்தேன், படம் நின்று நின்று வருவதால் வாய் ஒரு பக்கம் போகிறது, வார்த்தை ஒரு பக்கம் போகிறது. அதனால்தான் கேமராவை ரிப்பேர் ஆக்கினேன். கேமராவுக்கு ஒன்றுமில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதை நிதானமாகப் படி. அம்மா அங்கே வந்து ஆறு மாதம் முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் பண்ணினாய். ரொம்ப நேரம் பேசினாய். நீ ஏதோ கேட்டு நிறுத்தியது மட்டும் தெரிந்தது. பேரன் எடை கூடியதைப் பற்றி என்று நான் நினைத்துக்கொண்டு, "தாராளமா, அதுக்கென்ன, ரொம்ப சந்தோஷம்" என்றேன். எட்டு நாள் கழித்து மாப்பிள்ளையிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "மாமா, அத்தையை இன்னும் ரெண்டு வருஷம் இங்க விட்டுவைக்கச் சம்மதிச்சதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஒரு நிமிஷம்கூட யோசிக்காம சொல்லிட்டீங்க." மாடிப்படியில் காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தேன், அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த போனை நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவளை அங்கேயே விட்டுவைக்க முடியுமா என்று கேட்டதற்கு, தாராளமா, ரொம்ப சந்தோஷம் என்று சொன்ன மனுஷனை அவள் என்னவென்று நினைத்திருப்பாள். அதற்குப் பிறகுதான் அவள் என்னோடு பேசுவது குறைந்தது. எனக்குத் தெரியும். மாற்றிச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன், அதற்குள் அம்மா கூட இருக்கிற தைரியத்தில் நீயும் ஒரு புது வேலையை ஒத்துக்கொண்டுவிட்டதாக எழுதியிருந்தாய். அப்புறம் என்ன சொல்ல. உன் மேல் ஒரு தப்பும் இல்லை, நீ கேட்டுத்தான் செய்தாய். நீ கேட்டது எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் நான் தொப்பிக்காரரை வெறிபிடித்தாற்போல் சேர்க்க ஆரம்பித்தேன். உங்களுக்கும் அதைப் பற்றியே எழுதினேன், இன்றைக்குப் பத்தாவது கிடைத்தது, இன்றைக்கு அட்டையோடு ஒன்று கிடைத்தது என்று, வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல். உண்மையைச் சொன்னால் படம்கூட அவ்வளவு முக்கியமில்லை. அந்த இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எல்லாம் தெரிந்தது, கதவுக்குப் பின்னால் நிற்கிறவன் செருமுவதுகூடத் தெரிந்தது. என்னிடம் யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். வாரத்தில் ஒரு தடவை கடைக்குப் போவேன், கடைக்காரர் எங்கெங்கிருந்தோ வரவழைத்து வைத்திருப்பார், வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வருவேன். அலமாரியில் உன் பள்ளிக்கூடப் புத்தகம் இருந்த தட்டில் யுத்தப் படம் ஒரு பக்கம், துப்பறியும் படம் ஒரு பக்கம் அடுக்கினேன். ஒன்றரை வருஷத்தில் பதினேழு சேர்ந்துவிட்டது. பாக்கி ஒன்று, யுத்தப் படம், கப்பல் கதை. அதை அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். நான் போகிற நேரத்துக்கே வரும் இன்னொரு வாடிக்கையாளரிடம் அது இருக்கிறது என்று கடைக்காரர் தாளில் எழுதிக் காட்டினார். அப்படித்தான் பல்செட்காரர் அறிமுகமானார்.

பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்துகொடுக்கிற தொழில், எழுபது வயதாகியும் இன்னும் கொஞ்சம் செய்கிறார். மனைவி தவறி ஆறு வருஷம், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர். தொப்பிக்காரர் மேல் அவருக்கு இருக்கிற அக்கறை வேறு மாதிரி. "அந்த ஆளு மேல் உதட்டை அசைக்காமலே ஒரு படம் முழுக்கப் பேசிடுவான், பல்லைக் கண்ணுல காட்ட மாட்டான். என்ன பல்லு வெச்சிருக்கான்னு பார்க்கணும்னே எல்லாப் படமும் வாங்கினேன்" என்றார். அவர் பேச்சு எனக்கு முழுசாகப் புரிந்தது கண்ணு. தொழில் பழக்கமோ என்னவோ, வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு எழுத்தையும் பல்லில் நிறுத்தி வெளியே அனுப்புவார். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனுஷன் சொன்னது அத்தனையும் எனக்குப் புரிந்த சந்தோஷத்தில், சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த டிவிடியோடு வீட்டுக்கு வாங்க, சேர்ந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டுவிட்டேன்.

வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்று நான் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். தரையைத் துடைத்தேன். பால்கனியில் கிடந்த இரண்டாவது நாற்காலியைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து போட்டேன். நாலு முட்டை அவித்தேன். எல்லாம் முடிந்தும் மணி மூன்றரைதான் ஆகியிருந்தது, சும்மா உட்காருவானேன் என்று ஒரு யுத்தப் படத்தைப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் நாலுக்கு முன்பே வந்துவிட்டார். மணி அடித்திருக்கிறார். கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே பீரங்கியும் துப்பாக்கியுமாக வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது, ஆள் வரவில்லை. போன் பண்ணினால் அது உள்ளே அடிப்பதும் கேட்டிருக்கிறது. எதிர்வீட்டு நர்ஸ் வெளியே வந்து, "சார் வெளிய போகலையே, காலையில பார்த்தேனே" என்று சொல்லிப் பயந்து வாட்ச்மேனைக் கூப்பிட, வாட்ச்மேன் மேல்வீட்டு டியூஷன் மாஸ்டரைக் கூப்பிட, எல்லாரும் சேர்ந்து அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் வாட்ச்மேன் தோளால் இடித்து உள்தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டார். தரை அதிர்ந்தது எனக்குத் தெரிந்தது, படத்தில் குண்டு விழுகிறது, இந்த டிவிடி நல்ல தரம் என்று நினைத்துக்கொண்டேன். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பார்த்தால் நர்ஸ், நாடி பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் மூன்று பேர், மூன்று பேர் முகத்திலும் நான் செத்துப்போய்விட்டேன். கையில் பாதி கடித்த முட்டையை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் கண் அசந்துட்டேன்" என்றேன். ஒருவர்கூட நம்பவில்லை.

நர்ஸ் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, நைட் டியூட்டி முடித்து வந்து பகலில் அவளால் தூங்கவே முடிவதில்லையாம், மாதக்கணக்காக நம் வீட்டில் யுத்தம் நடக்கிறதாம். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களும் தனியா இருக்கீங்க, வீட்ல சத்தமாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன் சார்" என்று மெதுவாகச் சொன்னாள், வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். எனக்குக் கேட்காத சத்தத்தை அந்தப் பெண் எனக்காகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அவர்கள் போன பிறகு நான் தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்தினேன், பல்செட்காரர் பின்னால் நின்று திருகாணிகளைக் கையில் வைத்திருந்தார். சற்று நேரம் கழித்து என் தோளைத் தொட்டுத் திருப்பி, நேராக முகத்துக்கு முன்னால் வந்து நின்றார். "பின்னாடி நின்னு மூணு தடவை கேட்டேன். நீங்க திரும்பல" என்றார். "நீங்க யார் கண்ணையும் பார்த்துப் பேசுறதில்லை சார், வாயைப் பார்க்கிறீங்க. நான் நாற்பது வருஷமா வாயை மட்டுமே பார்த்துப் பிழைச்சவன், என்கிட்ட மறைக்க முடியுமா? எத்தனை நாளா இப்படி?" நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டு வருஷம் என்றேன். இதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒன்றும் பெரிதாக ஆறுதல் சொல்லவில்லை. திங்கட்கிழமை தனக்கு வேலை இல்லை, காது டாக்டரிடம் போகலாம், அந்த டாக்டர் போட்டிருக்கிற பல்செட்டே தன் கையால் செய்தது, அதனால் சீக்கிரம் பார்ப்பார் என்று மட்டும் சொன்னார். கொண்டுவந்த டிவிடியை அன்றைக்குப் போடவில்லை. "கேட்கிற மாதிரி ஆனப்புறம் பார்ப்போம்" என்று பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரிடம் போனோம். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, வெளியே மெஷினை இயக்குகிற பெண்ணின் தோள் அசையும்போதெல்லாம் அமுக்கினேன். அவள் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்து, என் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோதுதான் எவ்வளவு போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. இடது காதில் ஒன்றுமே இல்லை. வலது காதுக்கு மெஷின் வைத்தால் ஓரளவு வரும், இரண்டு வருஷம் முன்பே வந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்று டாக்டர் கடிந்துகொண்டார். மெஷின் வந்து ஒன்பது நாள் ஆகிறது. மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதும் என் செருப்பு இவ்வளவு பேசுமா என்று ஆச்சரியமாகிவிட்டது. பஸ் பிரேக் போட்டபோது பயந்துபோய்ப் பல்செட்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் சிரித்த சிரிப்பும் கேட்டது.

அன்று மாலையே அவர் பதினெட்டாவது படத்தைக் கொண்டுவந்தார். எழுத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார், சரி என்றேன். ஆங்கிலம் காதுக்குப் பாதிதான் எட்டியது, அது போகட்டும். தொப்பிக்காரர் குரலை இத்தனை நாள் நான் என் மனசில் கணீரென்று வைத்திருந்தேன். அப்படி இல்லை, ரொம்பக் களைத்த குரல், வீட்டுக்குப் போகவேண்டும் என்று நினைக்கிற ஆளின் குரல். படம் முடிந்தது. இது உங்ககிட்டயே இருக்கட்டும், செட் முழுசாகட்டும் என்று டிவிடியை என்னிடமே கொடுத்துவிட்டு ஆறு மணிக்கு அவர் கிளம்பினார். பதினெட்டும் சேர்ந்துவிட்டது. அதைத் தட்டில் வைத்துவிட்டு, டிவியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று கையைத் தட்டிப் பார்த்தேன், கேட்டது. நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன், கேட்டது. எழுந்து சமையலறைக்குப் போய் நின்றேன், உன் அறையில் நின்றேன், ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வருஷமாக வீடு இப்படி இருப்பதற்கு என் காதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன் கண்ணு. காதில் கோளாறு இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் வீட்டிலும் யாரும் இல்லை.

மறுநாள் காலை அம்மாவுக்கு போன் பண்ணினேன். நீங்கள் தவறிப்போய்க் கை பட்டது என்று நினைத்தீர்களே, அது கை பட்டதில்லை. அம்மாதான் எடுத்தாள். "ஹலோ. ஹலோ, சொல்லுங்க. என்ன, பேசமாட்டீங்களா?" என்றாள். பின்னால் பேரன் யாரு, யாரு என்று கத்திக்கொண்டிருந்தான், அவன் குரலை நான் முதன்முதலாகக் கேட்டதே அப்போதுதான். இரண்டு வருஷமாகக் கேட்காமல் பேசியவன், கேட்டபோது பேச முடியாமல் நின்றேன். அவள் அவனிடம், "தாத்தாடா. தெரியாம கை பட்டிருக்கும். பாவம், சாப்பிட்டாரோ என்னவோ" என்றாள். பிறகு வைத்துவிட்டாள். என்னிடம் சொல்லாததை எல்லாம் அவனிடம் சொல்கிறாள் போலிருக்கிறது.

அந்தப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. உன் பென்சில் குறியையும் அழிக்கவில்லை. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டு. மாப்பிள்ளையைப் படிக்கச் சொல்லாதே, அவர் நல்ல மனுஷர், சங்கடமான வரி வந்தால் தாண்டிப் போய்விடுவார். படித்து முடித்ததும் அன்றைக்கு நீ என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவளிடம் கேள். எனக்குச் சம்மதமா என்று அவள் கேட்டால், இல்லை, எனக்குச் சம்மதமில்லை, அவள் இங்கே வரவேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல். உன் கேள்வி காதில் விழுந்திருந்தால் இதை நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகும், எல்லாம் தெரிந்த பிறகும், பேரனை விட்டு வர மனசில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று அவள் சொன்னால் படிவத்தைத் திருப்பி அனுப்பு, மறுதபாலில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன், அதில் ஒரு வருத்தமும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லமாட்டேன், வருத்தம் இருக்கும், ஆனால் அனுப்புவேன். உனக்கு இதனால் வேலையில் எவ்வளவு சிரமம் வரும் என்று யோசிக்காமல் எழுதவில்லை. பேரனைப் பார்த்துக்கொள்ள வேறு என்ன வழி என்று மாப்பிள்ளையும் நீயும் யோசியுங்கள், அவசரமில்லை, இரண்டு மூன்று மாதம் ஆனாலும் ஆகட்டும். நான் இனி வாரம் ஒரு தடவை போன் பண்ணுகிறேன். ஸ்பீக்கரில் போடாதே, வார்த்தைகளை இடைவெளி விட்டுப் பேசு, புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லிவிடுவேன்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பகலில் டிவி சத்தத்தைப் பத்துக்கு மேல் வைப்பதில்லை, நர்ஸ் முகம் தெளிந்திருக்கிறது. பேரனுக்குக் காதில் பஞ்சுக்குச்சி விட்டுக் குடையாதே, கூப்பிட்டால் திரும்புகிறானா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிட்டுப் பார், எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை என்பதால் சொல்கிறேன். மாப்பிள்ளையை ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம் என்று ஆபீஸில் கேட்கச் சொல். நீ சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே, கோபத்தை மனசில் வைத்துக்கொண்டு நாலு வரியில் எழுதாதே, நாலு பக்கம் எழுது, எனக்குப் படிக்க நேரம் நிறைய இருக்கிறது. நீங்கள் நாலு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கும்படியாக நீண்ட காலம் வாழவேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிறேன்.

மறந்துவிடாமல் அம்மாவிடம் இன்னொன்றும் சொல். அவள் மூட்டுவலிக்கு மூன்று மாடி ஏறுவதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஏழு வருஷமாக நின்று கிடந்த நம் கட்டடத்து லிஃப்டை வாட்ச்மேனும் நானும் நாலு நாளாகப் பிரித்துப் போட்டு வேலை பார்க்கிறோம். நேற்றுச் சாயங்காலம் தரையிலிருந்து மூன்றாவது மாடி வரைக்கும் ஒரு தடவை வந்து நின்றது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அப்பா